முகத்தில் முடி வளர்கிறது, மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: எங்கள் ஊர் பாறசாலைக்குத் தெற்கே, மாநில எல்லையை ஒட்டிய கிராமம். என் தாய்வீடு களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம் பக்கம். கணவர் எனக்கு மாமன் மகன். எங்கள் மகளுக்கு இப்போது ஐந்து மாதம். பிறக்கும்போதே 4 கிலோ 100 கிராம் இருந்தாள். எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருக்கவில்லை. இரண்டாம் நாள் பால் குடிக்காமல் சோர்ந்துபோய், கைகாலை வெட்டி வெட்டி இழுத்தாள். அப்போது ரத்தச் சர்க்கரை 22. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். எவ்வளவு குளுக்கோஸ் ஏற்றியும் சர்க்கரை நிற்கவில்லை. உடம்பில் இன்சுலின் அதிகமாகச் சுரக்கிறது, பிறவியிலேயே வந்த கோளாறு என்றார்கள். முதலில் ஆக்ட்ரியோடைடு ஊசி போட்டார்கள். பிறகு டயசாக்ஸைடு என்ற திரவ மருந்தை எழுதித் தந்தார்கள். அது இங்கே கடைகளில் கிடைக்கவில்லை. வளைகுடாவில் இருக்கும் கொழுந்தன் மூலம் வரவழைத்துக் கொடுக்கிறோம். சர்க்கரை இப்போது பெரும்பாலும் 80க்கு மேல் நிற்கிறது. ஆனால் பிள்ளையின் நெற்றியிலும் முதுகிலும் கருகருவென்று முடி வளர்ந்துவிட்டது. 'பெண் குழந்தை, நாளைக்கு என்ன ஆகும், மருந்தை நிறுத்திவிட்டு உரமருந்து கொடு' என்கிறார் மாமியார். சொந்தக்காரர்களோ, 'சுகர் உள்ள பிள்ளைக்கு ஏன் குளுக்கோஸ் கொடுக்கிறாய்' என்று திட்டுகிறார்கள். மருந்து தீரப்போகிறது. கணையத்தை அறுவை செய்து எடுத்துவிட்டால் மருந்தே வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். எது சரி? அடுத்த குழந்தைக்கும் இது வருமா?
– ஒரு தாய், பாறசாலை

பதில்: அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று இரவு கொடுக்கவேண்டிய வேளை மருந்தைக் கொடுங்கள். நாளையும் கொடுங்கள். முடியைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.

உங்கள் மகளுக்கு இருப்பது நீரிழிவு அல்ல, அதற்கு நேர் எதிரானது. நீரிழிவில் இன்சுலின் போதாமல் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இவளுக்கு, சர்க்கரை ஏற்கெனவே குறைந்திருக்கும்போதும் கணையம் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கிறது. இதைப் பிறவி மிகை இன்சுலின் நோய் என்கிறோம். மேற்கு நாடுகளில் ஏறக்குறைய 28,000 முதல் 50,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் மிகுந்த சமூகங்களில் இது பத்து மடங்குக்கும் மேல் அதிகம். சவூதி அரேபியாவின் சில பகுதிகளில் 2,500 பிறப்புகளுக்கு ஒன்று வரை பதிவாகியிருக்கிறது. முறைமாப்பிள்ளை, முறைப்பெண் கல்யாணம் நம் வீடுகளில் எவ்வளவு சகஜம் என்பது உங்களுக்கே தெரியும். அதற்காக யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. மரபணுப் பரிசோதனை ஏன் அவசியம் என்பதற்காக எழுதுகிறேன், அதற்குக் கீழே வருகிறேன்.

மற்ற காரணங்களால் சர்க்கரை குறையும் குழந்தைகளைவிட இந்தக் குழந்தைகளைப் பற்றி எங்களுக்கு அதிகப் பயம். பசியில் கிடக்கும் சாதாரணக் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கினால், உடம்பு கொழுப்பை உடைத்துக் கீட்டோன் என்ற மாற்று எரிபொருளை மூளைக்கு அனுப்பும். இன்சுலின் அதிகமாக இருந்தால் கொழுப்பு உடையாது, கீட்டோனும் உருவாகாது. மூளைக்குச் சர்க்கரையும் இல்லை, மாற்றும் இல்லை. வெவ்வேறு நாடுகளின் ஆய்வுகளில் இந்த நோயுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு, சில ஆய்வுகளில் பாதிப் பேருக்கு, வளர்ச்சியில் பின்னடைவோ வலிப்போ மிஞ்சியிருக்கிறது. பெரும்பாலும் முதல் நாட்களிலும் மாதங்களிலும் நேர்ந்த சேதம் அது. பிற்பாடு எந்த மருந்தாலும் அதைச் சரிசெய்ய முடிவதில்லை. நாங்கள் சர்க்கரையை 70க்கு மேல் வைக்கப் பாடுபடுவது இதற்காகத்தான்.

இனி, நீங்கள் கொடுக்கும் மருந்து.

டயசாக்ஸைடு முதலில் ரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்து. அதைச் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறியது. அந்தப் பக்கவிளைவையே சிகிச்சையாக்கி, 1964ல் அமெரிக்க மருத்துவர்கள் சர்க்கரை குறையும் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அறுபது ஆண்டுகள் ஆகின்றன, இன்றும் இந்த நோய்க்கு முதல் மருந்து அதுதான். உலக சுகாதார அமைப்பின் குழந்தைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது.

அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் பல கேள்விகளுக்கு விடை கிடைக்கும். கணையத்தின் பீட்டா செல் ஒவ்வொன்றிலும் பொட்டாசியம் வெளியேறும் கதவுகள் உண்டு. கதவு திறந்திருக்கும்வரை இன்சுலின் உள்ளேயே அடங்கியிருக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கதவு மூடும், இன்சுலின் வெளியே வரும். டயசாக்ஸைடு அந்தக் கதவைத் திறந்தே வைக்கிறது. ஆனால் ஏபிசிசி8, கேசிஎன்ஜே11 என்ற இரண்டு மரபணுக்களில் ஏதாவது ஒன்றில் கடுமையான பிழை இருந்தால், கதவே சரியாக உருவாவதில்லை. இல்லாத கதவை எந்த மருந்தும் திறக்க முடியாது. அதனால்தான் சில குழந்தைகளுக்கு டயசாக்ஸைடு துளியும் கேட்பதில்லை. உங்கள் மகளுக்குச் சர்க்கரை 80க்கு மேல் நிற்கிறது என்றால், அவளுக்கு அது கேட்கிறது. இது உண்மையிலேயே நல்ல செய்தி. கேட்காத குழந்தைகளின் பாதை இதைவிட மிகக் கடினமானது.

முடி விஷயத்துக்கு வருகிறேன். டயசாக்ஸைடு எடுக்கும் குழந்தைகளில் மிகப் பலருக்கு நெற்றி, முதுகு, கைகால்களில் முடி வளரும். இது மருந்தின் விளைவு மட்டுமே. ஹார்மோன் கோளாறோ பெண்மை மாறும் அறிகுறியோ அல்ல. மருந்து நின்ற சில மாதங்களில் அது உதிர்ந்துவிடும். உங்கள் மாமியாருக்குப் பேத்தியின் மேல் உள்ள அக்கறை எனக்குப் புரிகிறது. அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள், மருத்துவரின் வாயாலேயே கேட்கட்டும். வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு நோய் புரிந்துவிட்டால் தாயின் பாரம் பாதி குறைவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

உரமருந்து வேண்டாம். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எதை உரைத்துக் கொடுத்தாலும் இன்சுலின் சுரப்பு குறையாது. வயிற்றைக் கலக்கி வாந்தியோ பேதியோ வந்தால், பால் தங்காமல், இந்தக் குழந்தைக்கு ஒரே இரவில் ஆபத்து வரும்.

முடியைவிட நீங்கள் கவனிக்கவேண்டிய விளைவுகள் வேறு. டயசாக்ஸைடு உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். அதனால்தான் கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் பிரிக்கும் மருந்தைக் கொடுக்கிறோம். உங்களுக்கு எழுதித் தந்த சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். சில குழந்தைகளுக்கு நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும். 2015ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றித் தனியாகவே எச்சரித்தது. மூச்சு வேகமாக வாங்குவது, மூக்குத் துவாரம் விரிவது, உதடு நீலம் பாரிப்பது, கண் இமையும் காலும் வீங்குவது, ஓரிரு நாளில் எடை திடீரென்று கூடுவது, பால் குடிக்கத் திணறுவது – இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். மருந்து தொடங்கும் முன்னும் தொடங்கிய பிறகும் இதயத்துக்கு எக்கோ எடுப்பது இதற்காகத்தான். வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் குறையக்கூடும், ஆகவே ரத்த எண்ணிக்கையைக் குறித்த இடைவெளியில் பார்க்கவேண்டும். ஐந்து மாதத்தில் எக்கோவும் ரத்தப் பரிசோதனையும் கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள்.

அளவு விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை தேவை. வெளிநாட்டிலிருந்து வாங்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு அதிகக் கவலை இதில்தான். டயசாக்ஸைடின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 முதல் 15 மில்லிகிராம் வரை, இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். 6 கிலோ எடையுள்ள குழந்தைக்கு கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று வைத்தால் நாளைக்கு 60 மில்லிகிராம், மூன்று வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 20 மில்லிகிராம். கம்பெனி தயாரிப்பில் பொதுவாக ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதில் 20 மில்லிகிராம் என்பது வெறும் 0.4 மில்லி. ஆனால் சில நாடுகளில் மருந்தகமே கலந்து கொடுக்கும் திரவத்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் மட்டும் இருக்கலாம். அதே 0.4 மில்லியை அந்தச் சீசாவிலிருந்து கொடுத்தால் பிள்ளைக்குப் போவது 4 மில்லிகிராம்தான், சர்க்கரை இறங்கிவிடும். நேர்மாறாக நடந்தால் ஐந்து மடங்கு மருந்து உள்ளே போகும். எனவே புதிய சீசா வந்தவுடன் திறக்காமல், அதன் லேபிளை உங்கள் மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, எத்தனை மில்லி கொடுக்கவேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி மாட்டாத 1 மில்லி சிரிஞ்சில் அளந்து கொடுங்கள், மூடியாலும் கரண்டியாலும் அளக்கவே கூடாது. ஒவ்வொரு முறையும் சீசாவை நன்றாகக் குலுக்குங்கள், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். நான் மேலே போட்ட கணக்கு விளக்கத்துக்கு மட்டுமே, உங்கள் பிள்ளையின் அளவை அவளுடைய மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

மருந்தை வரவழைக்கும் வழியையும் ஒழுங்குபடுத்துங்கள். இந்தியாவில் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்காக டயசாக்ஸைடை வெளிநாட்டிலிருந்து வாங்கித்தான் பிள்ளைகளைக் காப்பாற்றி வருகின்றன. கொழுந்தன் கொண்டுவருவது அவசரத்துக்கு உதவும். ஆனால் அவருடைய விடுப்பையும் விமானத்தையும் நம்பி ஒரு குழந்தையின் மூளையை வைக்கக்கூடாது. சட்டப்படியான வழி ஒன்று இருக்கிறது. நோயாளியின் சொந்த உபயோகத்துக்கு மருந்தை இறக்குமதி செய்ய, படிவம் 12ஏ என்ற விண்ணப்பத்தை மருத்துவரின் சீட்டுடன் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் கொடுத்தால், படிவம் 12பி என்ற அனுமதிச் சீட்டு தருவார்கள். பொதுவாக நூறு வேளை அளவுக்கே அனுமதி. ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றால் அது ஒரு மாதம் சொச்சம்தான் வரும். ஆகவே கூடுதல் அளவு ஏன் தேவை என்று மருத்துவர் கடிதத்தில் விளக்கவேண்டும். விசேஷ காரணம் இருந்தால் கூடுதலாக அனுமதிக்கவும் விதியில் இடமுண்டு. சீசாவில் ஒரு மாத மருந்து மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்கு விண்ணப்பியுங்கள்.

மருந்து தீர்ந்துபோய் அடுத்தது வரவில்லை என்றால் வீட்டில் வைத்துச் சமாளிக்க முயலாதீர்கள். மருத்துவமனையில் சேர்த்து, மருந்து வரும்வரை ஆக்ட்ரியோடைடு ஊசியோ குளுக்கோஸோ கொடுத்துக் காக்கமுடியும். ஆக்ட்ரியோடைடு நம் ஊரில் கிடைக்கும் மருந்து. பெரியவர்களுக்குக் கல்லீரல் நோயில் ரத்த வாந்தி வந்தால் கொடுப்பதும் இதைத்தான். டயசாக்ஸைடு கேட்காத குழந்தைகளுக்கு ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுகிறோம். தொடங்கிய முதல் நாள் அமோகமாக வேலை செய்துவிட்டு ஓரிரு நாளில் அதன் பலன் குறையும், அப்போது அளவைக் கூட்டவேண்டியிருக்கும். நீண்ட நாள் போட்டால் பித்தப்பையில் கல் வரலாம், அதற்கு வயிற்று ஸ்கேன் பார்க்கவேண்டும். பிறந்த சில வாரக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் அபாயமும் உண்டு என்பதால் அந்த வயதில் மிகவும் யோசித்தே தொடங்குவோம். பெரிய குழந்தைகளுக்கு மாதம் ஒருமுறை போடும் நீடித்த வகை ஊசியும் இருக்கிறது. சிரோலிமஸ் என்றொரு மருந்தைப் பற்றி நீங்கள் கேள்விப்படலாம். சிறுநீரக மாற்று சிகிச்சையில் பயன்படுவது. 2014ல் லண்டன் மருத்துவர்கள் நான்கு கைக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதினார்கள். நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து அது, பிறகு வந்த அனுபவங்களும் எல்லாம் சாதகமாக இல்லை. டயசாக்ஸைடு கேட்கும் உங்கள் மகளுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

அறுவை சிகிச்சையைப் பற்றி உங்களிடம் சொன்னவர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். இந்த நோயில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கணையத்தின் ஒரு சிறு புள்ளி மட்டும் கெட்டிருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் குழந்தை முழுமையாகக் குணமாகும். மற்றதில் கணையம் முழுவதுமே பாதிக்கப்பட்டிருக்கும். அப்போது 95 சதவீதத்துக்கும் மேல் எடுக்கவேண்டியிருக்கும், எடுத்தாலும் சிலருக்குச் சர்க்கரை குறைவது நிற்பதில்லை, பெரும்பாலானோர் பதின்ம வயதுக்குள் இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளாகிவிடுகிறார்கள். மருந்து கேட்கும் குழந்தைக்கு அறுவை தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. புள்ளி வகையில் பெரும்பாலான குழந்தைகளுக்கு டயசாக்ஸைடு கேட்பதில்லை. அதனால் உங்கள் மகளுக்கு அந்த வகை இருக்க வாய்ப்பு குறைவு. மருந்து கேட்காத குழந்தைக்கு, எஃப்-18 டோபா பெட் ஸ்கேன் எடுத்து எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் கத்தி எடுக்கக்கூடாது. அந்த ஸ்கேன் இந்தியாவில் சில பெரிய மையங்களில் மட்டுமே கிடைக்கிறது.

மரபணுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அடுத்த குழந்தையும் ஒரு காரணம். நீங்கள் இருவரும் ஒரே பிழையைச் சுமந்திருந்து, அது இருவரிடமிருந்தும் மகளுக்கு வந்திருந்தால், அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தந்தையின் பிழையால் மட்டும் வரும் புள்ளி வகையில் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. பிழை மகளிடம் புதிதாகவே தோன்றியிருந்தாலும் அப்படித்தான். சோதனை செய்யாமல் இவற்றில் எது என்று எவராலும் சொல்ல முடியாது. இது நமக்கு அந்நியமான விஞ்ஞானமும் அல்ல. சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆராய்ச்சியாளர்கள் 2014லேயே, இந்நோயுள்ள இந்தியக் குழந்தைகளின் ஏபிசிசி8 மரபணுவில் அதுவரை எங்கும் பதிவாகாத பிழைகளைக் கண்டு வெளியிட்டிருக்கிறார்கள். பிரிட்டனின் எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வுக்கூடமும் பல நாட்டுக் குழந்தைகளின் ரத்த மாதிரியை இந்நோய்க்காகச் சோதித்து வருகிறது. மாதிரியை அனுப்பவேண்டியது உங்கள் மருத்துவர். அடுத்த கர்ப்பம் தரித்தால், சோதனை முடிவு எதுவானாலும், தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையிலேயே பிரசவம் பாருங்கள்.

இதைவிட அன்றாடக் காரியங்கள்தான் உங்களை அலுப்பில் தள்ளும் என்பது தெரியும். இரவில் எழுந்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால். குளுக்கோமீட்டரில் பார்ப்பது. மீட்டர் பொய் சொல்லாது, ஆனால் துல்லியமாகவும் சொல்லாது. 100க்குக் கீழே 15 வரை கூடவோ குறையவோ காட்டுவதைத் தரக்கட்டுப்பாடே அனுமதிக்கிறது. 70 என்று காட்டினால் உண்மை 55 ஆகவும் இருக்கலாம். விரலில் பாலோ குளுக்கோஸோ ஒட்டியிருந்தால் அதிகமாகக் காட்டும், துடைத்து உலர்ந்த பிறகு குத்துங்கள். 70க்குக் கீழே காட்டினால் உடனே பால் கொடுத்து, கால் மணியில் மறுபடி பாருங்கள். குளுக்கோஸ் தண்ணீர் மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தினால் அது இன்சுலினைத் தூண்டி மறுபடி இறங்கும், கூடவே பாலும் வேண்டும். ஒரு வயது நிறையும்வரை தேன் தடவவேண்டாம். பிள்ளை மயங்கிக் கிடந்தாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்தின் உட்புறம் ஈரமாக்கிய குளுக்கோஸ் பொடியைச் சிறிது தடவி, கிளம்பிவிடுங்கள். மருத்துவர் குளுக்ககான் ஊசி தந்து பழக்கியிருந்தால் அதைப் போடுங்கள்.

எங்கே போவது என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும்போது பாறசாலை தாலுகா மருத்துவமனையோ நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையோ அருகில். தாய்வீட்டில் இருக்கும்போது நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. திருவனந்தபுரம் வரை போய்த்தான் முதல் குளுக்கோஸ் என்று காத்திருக்கக் கூடாது, அருகில் உள்ள இடத்தில் ஏற்றிக்கொண்டு பிறகு மேலே போங்கள். நோயின் பெயர், மருந்தின் அளவு, 'குளுக்கோஸ் 10 சதவீதத் திரவம் கிலோவுக்கு 2 மில்லி உடனே, பிறகு தொடர்ந்து' என்ற குறிப்பு, மருத்துவரின் எண் எல்லாம் உள்ள ஒரு கடிதத்தைக் கேட்டு வாங்கி, லேமினேட் செய்து, பிள்ளையின் பையிலேயே வையுங்கள். எல்லையின் இரு பக்கமும் வாழும் உங்களுக்கு அது ரேஷன் கார்டுக்குச் சமமான காகிதம்.

ஆறாம் மாதம் சோறூட்டு வரும். தாராளமாக நடத்துங்கள். ஆனால் குருவாயூர்வரை இரவுப் பயணம் போய் நீண்ட வரிசையில் நிற்கவேண்டாம், பக்கத்துக் கோயிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சியும் கேழ்வரகும் கொடுக்கலாம். பருப்பு, தயிர் போன்ற புரத உணவுகளைத் தொடங்கும்போது மட்டும் ஓரிரு நாள் சாப்பிட்டபின் சர்க்கரையைப் பாருங்கள். ஜிஎல்யூடி1 என்ற இன்னொரு மரபணுவின் பிழையால் வரும் வகையில் புரதமே சர்க்கரையை இறக்கும், ரத்தத்தில் அம்மோனியாவும் கூடியிருக்கும். அந்த வகைக்கும் டயசாக்ஸைடு நன்றாகக் கேட்பதால், உங்கள் மகளுக்கு ஒருமுறை அம்மோனியா பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

எவ்வளவு நாள் மருந்து? சிலருக்கு மாதங்களில் தேவை தீரும். பலருக்கு ஆண்டுகள் ஆகும், ஆனால் வயது ஏற ஏற நோயின் வேகம் குறையும். எடை கூடும்போது மருந்தின் அளவைக் கூட்டாமல் விட்டுப் பார்த்து, கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே வந்தும் சர்க்கரை நின்றால், மருத்துவமனையில் சேர்த்து, மருந்தை நிறுத்தி, பட்டினிச் சோதனை செய்து முடிவெடுப்போம். மருந்தை நிறுத்துவதற்கு உரிய இடம் அந்த வார்டுதான்.

கேள்வி: நெய்யாற்றின்கரை பக்கம் ஆஷா பணியாளராக இருக்கிறேன். எங்கள் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிறந்த குழந்தைகளுக்குக் குதிகாலில் ரத்தம் எடுத்துச் செய்யும் அரசுப் பரிசோதனையில் இந்த நோய் தெரியாதா? எப்போது சந்தேகப்பட வேண்டும்? ஏழைக் குடும்பங்களுக்கு மருந்துக்கு வழி உண்டா?
– ஒரு வாசகி

பதில்: தெரியாது. அந்தச் சோதனை தைராய்டு குறைபாடு போன்ற சில பிறவி நோய்களுக்கானது. மிகை இன்சுலினைக் கண்டுபிடிக்க, சர்க்கரை இறங்கியிருக்கும் அந்த நேரத்திலேயே ரத்தம் எடுத்து இன்சுலின், கீட்டோன் இரண்டையும் பார்க்கவேண்டும். சர்க்கரை 50க்குக் கீழே இருக்கும்போது இன்சுலின் தென்பட்டால், கீட்டோன் இல்லாவிட்டால், நோய் உறுதி. அவசரத்தில் குளுக்கோஸை ஏற்றிவிட்டுப் பிறகு ரத்தம் எடுத்தால் தடயம் போய்விடும்.

நீங்கள் வீடு வீடாகப் போகிறவர், ஆகவே உங்களால்தான் அதிகம் முடியும். தாய்க்குச் சர்க்கரை நோய் இல்லாமலேயே மிகப் பெரிதாகப் பிறந்த குழந்தை, எழுப்பினாலும் பால் குடிக்காமல் தூங்கும் குழந்தை, நடுங்கும் குழந்தை, முன்பிறந்த குழந்தை முதல் வாரத்தில் காரணம் தெரியாமல் இறந்த வீட்டுக் குழந்தை – இவர்களுக்குச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். வலிப்பு வந்த எந்தக் கைக்குழந்தைக்கும் முதல் பரிசோதனை குளுக்கோமீட்டர்தான். இந்த நோய் சில மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். ஒருமுறைகூடச் சர்க்கரை பார்க்கப்படாமல் வலிப்பு மருந்து மட்டும் சாப்பிட்டு வளரும் குழந்தை உங்கள் வார்டில் இருந்தால், இந்த வாரமே அழைத்துப் போங்கள்.

திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை, மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையின் கீழ்ச் சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அப்படியே. அந்தக் கொள்கையில் தகுதியுள்ள நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. கேரள அரசும் 2024 பிப்ரவரியில் அரிய நோய்களுக்கென்று 'கேர்' திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத்தை எஸ்.ஏ.டி.க்கு அனுப்பும்போது, இரண்டு திட்டங்களிலும் குழந்தையைப் பதிவுசெய்ய முடியுமா என்று பெயர் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த தாயாக இருந்தால் முதல் முறை நீங்களும் கூடப் போங்கள். மருந்தின் அளவை மொழி தெரியாமல் தவறாகப் புரிந்துகொள்வது இந்த நோயில் பெரிய ஆபத்து.

எல்லாவற்றையும் தாண்டி ஒரு குறை இருக்கிறது. அறுபது ஆண்டுப் பழைய மருந்து, உலகம் முழுவதும் முதல் மருந்தாகக் கொடுக்கப்படுவது, பாறசாலையில் ஒரு தாய்க்கு விமானத்தில் வரும் உறவினரை நம்பிக் கிடைக்கவேண்டியிருக்கிறது. கேரள மருத்துவ சேவைக் கழகமும் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகமும் டயசாக்ஸைடைக் கொள்முதல் செய்து, எஸ்.ஏ.டி.யிலும் ஆசாரிப்பள்ளத்திலும் எழும்பூரிலும் எப்போதும் சில சீசாக்கள் இருப்பு வைக்கவேண்டும். தேவைப்படும் குழந்தைகள் மிகச் சிலரே, ஆகவே செலவும் பெரிதல்ல. இந்தப் பகுதியின் சட்டமன்ற உறுப்பினர்களும் குழந்தை மருத்துவர் சங்கங்களும் இரு மாநிலச் சுகாதார அமைச்சர்களிடமும் இதை எழுத்து மூலம் கேட்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.